கணக்கு சேர் கொண்டுவந்த இருபத்து மூன்று துண்டுகள்

1. போர்டு மாட்டிய நாள்

மலையகத்தில், டிக்கோயா ஆஸ்பத்திரி ரோட்டில் பூட்டிக் கிடந்த ஒரு சலூனை வாடகைக்கு எடுத்து நானும் இந்திராவும் கடை திறந்தோம். முதல் நாள், முதல் கஸ்டமர் தோளில் ஒரு கக்கூஸ் கொமட்டைச் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார்.

“பாஸ், ஒடஞ்ச பீங்கான் கொண்டாரலாம்னு போர்டு போட்டிருக்கீங்களே. இதுவும் பீங்கான்தானே?”

போர்டை எழுதியது நான். அதனால் பதில் சொல்ல வேண்டியவனும் நான்தான். இந்திரா, சலூன்காரர் விட்டுப்போன பெரிய கண்ணாடியைத் துடைப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் சிரிப்பது கண்ணாடியில் நன்றாகவே தெரிந்தது. அடுத்த நாள் போர்டில் ‘தட்டு, கோப்பை மட்டும்’ என்று சிவப்பு பெயின்டில் சேர்த்து எழுதினேன்.

நான் முப்பத்தைந்து வருடம் மேசன் வேலை பார்த்தவன். ராஜு பாஸ் என்றால் டைல் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். நோட்டன் பிரிட்ஜிலிருந்து வட்டகொடை வரை எத்தனையோ வீட்டுக் குசினியிலும் பாத்ரூமிலும் முட்டி போட்டிருக்கிறேன். ஒருநாள் முட்டி மறுத்துவிட்டது. டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இனிமேல் கீழே உட்கார்ந்து வேலை செய்யக் கூடாது என்றார். கீழே உட்காராமல் தரைக்கு டைல் பதிப்பது எப்படி என்று அவர் சொல்லவில்லை.

என் கடைசித் தரை வேலை ஒரு தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. பக்கத்து லயத்து வீட்டு வாசலில் ஒரு பூச்சாடியைப் பார்த்தேன். பழைய பெயின்ட் வாளிக்குச் சீமெந்து பூசி, அதில் உடைந்த தட்டுத் துண்டுகளைப் பதித்து ஒரு சேவல் செய்திருந்தார்கள். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே ஒரே அளவு இடைவெளி. நான் ஸ்பேசர் வைத்து எடுக்கிற அளவை யாரோ வெறும் கண்ணால் எடுத்திருந்தார்கள்.

“இது யாரு செஞ்சது?” என்று கேட்டேன்.

வாசலில் கொழுந்துக் கூடையைக் கழற்றிக்கொண்டிருந்த பெண், “நான்தாங்க. ஏன், சீமெந்து ஒங்களுதுன்னு பாக்குறீங்களா?” என்றாள்.

அதுதான் இந்திரா. கொஞ்சம் சீமெந்து என்னுடையதுதான் என்று பிற்பாடு அவளே சொன்னாள். அதற்குள் நாங்கள் கூட்டு சேர்ந்துவிட்டோம். வெட்டுவது, பலகை தயார் செய்வது, இடைவெளியில் சாந்து அடைத்துக் குரௌட் போடுவது என் பக்கம். எந்தத் துண்டு எங்கே போக வேண்டும் என்பது அவள் பக்கம். தேயிலை பெக்டரி டேஸ்டிங் ரூமில் வாய் உடைந்த வெள்ளைக் கோப்பைகள், ஹோட்டல்களில் விளிம்பு போன தட்டுகள் எல்லாம் சாக்கில் வரும். அவை கண்ணாடிச் சட்டமாகவும் ட்ரேயாகவும் வீட்டு நம்பர் பலகையாகவும் திரும்பிப் போகும். முக்கியமாக, எல்லாம் மேசை உயரத்தில் நடக்கிற வேலை.

2. கோப்பை

கடை திறந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை, மழைக்கோட்டுடன் ஒரு பெரியவர் வந்தார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்ற சிவபாதம் சேர். யாழ்ப்பாணத்துக்காரர். வேலைக்காக மலைக்கு வந்து, ஓய்வு பெற்ற பிறகும் இங்கேயே தங்கிவிட்டவர்.

“தம்பி, ஒரு கோப்பை உடைஞ்சு போச்சுது” என்றார். குரல் ஆஸ்பத்திரியில் வருத்தம் சொல்கிற குரல்.

எங்களுக்குக் கோப்பை என்றால் தேத்தண்ணி குடிக்கிற கோப்பை. ஒரு கோப்பைக்கு இவ்வளவு கவலையா என்று நினைத்து, “அதுக்கென்னங்க சேர், வச்சிட்டுப் போங்க. காதுப் பக்கம் நல்லா இருந்தா சின்னதா ஏதாவது செய்யலாம்” என்றேன்.

சேர் பயணப்பையைத் திறந்தார். பெரிய துவாய் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். உள்ளே நீலப் படம் போட்ட ஒரு நீள்வட்டத் தட்டு, துண்டு துண்டாகக் கிடந்தது. முழுசாக இருந்தபோது ஒரு கைக்குழந்தையைப் படுக்க வைக்கிற அளவு இருந்திருக்கும். அவர் ஊரில் தட்டுக்குத்தான் கோப்பை என்று பெயராம்.

“அம்மாவின்ர. ஊரை விட்டு வரேக்க சீலைக்குள்ள சுத்திக்கொண்டு வந்தவ. இப்ப மனுசியின்ர உயிரே இதிலதான். கண்ணாடி அலுமாரியில வச்சு, சனிக்கிழமை சனிக்கிழமை தானே துடைப்பா. என்னைத் தொடவும் விடமாட்டா.”

“எப்படிங்க ஒடஞ்சது?” என்றாள் இந்திரா.

அவர் மழைக்கோட்டின் பொத்தானைத் திருகினார். “மனுசி தங்கச்சி வீட்டுக்கு யாழ்ப்பாணம் போயிருக்கிறா. எனக்கு ஒருக்கா அதில சாப்பிட்டுப் பாக்க ஆசை. சின்ன வயசில அம்மா அதில புட்டு வச்சுத் தந்தவ. எடுத்து, சுடுதண்ணி ஊத்திக் கழுவினன். எங்கயும் இடிக்கேல்லை பிள்ளை, சத்தியமா இடிக்கேல்லை. பாதி கையில நிண்டுது, மற்றப் பாதி கீழ விழுந்துது. பயத்தில கையில நிண்டதையும் விட்டிட்டன்.”

சொல்லி முடித்ததும் ஒரு கொப்பியை எடுத்தார். அதில் தட்டின் படம் அளவெடுத்து வரையப்பட்டிருந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர். துண்டுகளின் பின்பக்கத்திலும் பென்சிலால் அதே நம்பர். மொத்தம் இருபத்து மூன்று.

“மனுசி அடுத்த ஞாயிறு வந்திடுவா. இதை ஒரு டீப்போய் மேல பதிச்சுத் தாங்கோ. உடைஞ்சது எண்டு சொல்லாமல், உமக்கொரு பரிசு செய்விச்சனான் எண்டு சொல்லப்போறன்.”

நான் துண்டுகளைப் பார்த்தேன். சில உள்ளங்கை அளவு. வழக்கப்படி துவாயில் சுற்றிச் சுத்தியலால் இன்னும் சின்னதாக்கினால்தான் சமமாக உட்காரும். சுத்தியலை எடுத்தேன்.

“என்ன செய்யப் போறீர்?” சேர் மேசைக்குக் குறுக்கே கையை நீட்டிவிட்டார். “இன்னும் உடைக்கப் போறீரோ?”

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். தட்டின் அடி வளையத்தை மட்டும் கிரைண்டரால் தேய்க்கலாம். விளிம்பை நிப்பர் குறட்டால் கொஞ்சம் கடிக்கலாம். மற்றபடி நம்பருக்கு நம்பர் அதே இடம். இருபத்து மூன்றில் ஒன்றும் குறையக் கூடாது.

3. மஞ்சள் விளிம்பு

செவ்வாய்க்கிழமை துண்டுகளைக் கழுவி, நம்பர்படி மேசையில் அடுக்கினேன். புதிதாக உடைந்த பீங்கானின் விளிம்பு சீனி மாதிரி வெள்ளையாக இருக்கும். இருபது துண்டுகள் அப்படித்தான் இருந்தன. எட்டு, ஒன்பது, பதினான்கு ஆகிய மூன்றில் மட்டும் விளிம்பில் மஞ்சள். நகத்தால் கீறினேன். மெழுகு மாதிரிச் சுருண்டு வந்தது.

பழைய பசை.

தட்டின் நடுவே முன்பே ஒரு பெரிய விரிசல் ஓடியிருக்கிறது. யாரோ மிகவும் கவனமாக ஒட்டியிருக்கிறார்கள். ஒன்பதாம் நம்பர் விரல் நீளத் துண்டு. அதற்கு இரண்டு பக்கமும் பசை. ஒட்டும்போது வழிந்தது படத்திலும் படிந்து, அங்கே நீலம் கொஞ்சம் பழுத்துப்போயிருந்தது.

ஒட்டியதைப் பிரிக்க வேண்டுமென்றால் நாங்களும் வெந்நீரில்தான் போடுவோம். சேர் செய்ததும் அதுதான். அவர் உடைக்கவில்லை. பசை விட்டுவிட்டது.

இந்திரா என் தோளுக்கு மேலால் பார்த்தாள். “அண்ணே, சேரு பாவம். சும்மா கெடந்து தவிக்கிறாரு. சொல்லிருங்க.”

“என்னான்னு சொல்றது? சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை இதைத் தொட்டது யாரு, நீயே சொல்லு.”

இந்திரா வாயைப் பொத்திக்கொண்டாள். வேறு யாரையும் தொடவிடாமல் அந்த அம்மா ஏன் தானே துடைத்தார் என்று அப்போதுதான் அவளுக்கும் விளங்கியது.

4. கல்யாணப் படம்

புதன்கிழமை பின்னேரம் சேர் மழையில் நனைந்துகொண்டு ஓடி வந்தார். குடை கையில்தான் இருந்தது, விரிக்கவில்லை.

“வந்திட்டா தம்பி!”

“யாருங்க சேர்?”

“மனுசி! ஞாயிறு எண்டவ, இண்டைக்கே வந்து நிக்கிறா.”

“பாத்துட்டாங்களா?”

“இன்னும் இல்லை. எங்கட கல்யாணப் படத்தைச் சுவரிலயிருந்து கழட்டி, அலுமாரிக்குள்ள அந்த இடத்தில வச்சிருக்கிறன்.”

“அப்போ செவுத்துல?” என்றாள் இந்திரா.

சேர் யோசித்தார். சுவரைப் பற்றி அவர் நினைக்கவே இல்லை. முப்பத்தைந்து வருடம் கணக்குப் படிப்பித்த மனிதர் எங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து, “சுவரில ஆணி நிக்குது” என்று மெதுவாகச் சொன்னார். இரண்டு நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்றும் சொன்னார். இந்திரா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். உண்மை எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் சொல்லவில்லை. ஒரு வீட்டுக்காரியின் ரகசியத்தை அவள் புருஷனிடம் போட்டுடைக்க நான் யார்? சனிக்கிழமை பகல் தந்துவிடுகிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

5. டீச்சர்

வியாழக்கிழமை காலை டைல் ஒட்டுகிற கம் குழைத்து, முதல் துண்டைப் பதிக்கக் கையில் எடுத்திருந்தேன். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திய ஓர் அம்மா உள்ளே வந்து, கதவைச் சாத்தினார். எங்கள் கடைக் கதவை யாரும் அப்படிச் சாத்தியதில்லை.

“நான் சிவபாதம் மாஸ்டரின்ர மிஸிஸ்” என்றார். புவனேஸ்வரி டீச்சர். தையல் படிப்பித்தவர். “அவர் மார்க்கட்டுக்குப் போயிட்டார். கெதியாச் சொல்லுறன்.”

“ஒங்களுக்கு எப்படித் தெரியும் டீச்சர்?” என்றேன்.

“அலுமாரிக்குள்ள எங்கட கல்யாணப் படம் இருக்குது. அவர் உடைச்சதைக் கண்டுபிடிக்க வேற என்ன வேணும்? பிறகு மேசையில கொப்பியும் கிடந்துது. படம், நம்பர், உங்கட கடை, கொண்டுவந்து குடுத்த நேரம், எல்லாம் எழுதியிருக்கு. அந்த மனுசன் கணக்கு வாத்தி. செய்யிற களவையும் கொப்பியில எழுதி வைக்கும்.”

இந்திரா சிரித்துவிட்டாள். டீச்சர் சிரிக்கவில்லை. மேசையில் அடுக்கியிருந்த துண்டுகளுக்கு மேல் குனிந்து, நேராக ஒன்பதாம் நம்பரில் விரலை வைத்தார்.

“நீங்கள் கண்டிட்டீங்கள், என்ன?”

நான் தலையாட்டினேன்.

“நாங்கள் இஞ்ச வந்த புதுசு. மாமி, அவரின்ர அம்மா, அப்ப எங்களோடதான் இருந்தவ. ஊரில எல்லாத்தையும் விட்டிட்டு, இதொண்டைத்தான் சீலைக்குள்ள சுத்திக்கொண்டு வந்தவ. நான் குசினி மேசை விளிம்பில வச்சு... மூண்டாப் போச்சுது. மாமி கோயிலால வாறதுக்குள்ள ஒட்டி, பழையபடி வச்சிட்டன். இண்டைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு பாத்துப் பாத்து, மாமியும் போய்ச் சேந்திட்டா.” அவர் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். “அவருக்குத் தெரியக் கூடாது தம்பி. பசை பிடிச்ச விளிம்பை வெட்டி விடுங்கோ. இந்தச் சின்னத் துண்டை எறிஞ்சு போடுங்கோ.”

சேர் ஒன்றும் குறையக் கூடாது என்கிறார். டீச்சர் ஒன்றைக் குறை என்கிறார். ஒரே தட்டு. இரண்டு பேர் ரகசியமும் மற்றவருக்குத் தெரியக் கூடாது. மேசன் வேலையில் இப்படியொரு ஆர்டர் எனக்கு வந்ததே இல்லை.

“சரிங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டேன். சேரிடமும் சரி என்றுதான் சொல்லியிருந்தேன்.

அவர் போன பிறகு இந்திரா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. “நல்லா தலையாட்டுறீங்க அண்ணே. சேரு வந்து எண்ணுவாரே, அப்போ என்னா செய்வீங்க?”

“நீலக் கோப்பைத் துண்டு ஒண்ணை வெட்டி அந்த எடத்துல வச்சுட்டா யாருக்குத் தெரியப் போகுது?”

“கணக்கு சேருக்கா?” என்றாள்.

எட்டையும் பதினான்கையும் நிப்பரால் கடித்துச் சுத்தம் செய்தேன். ஒன்பதை எறிய மனம் வரவில்லை. பசை டின்களுக்குப் பின்னால் ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு வைத்தேன். அந்த இடத்துக்கு ஹோட்டல் கோப்பை ஒன்றிலிருந்து விரல் நீளத்துக்கு வெட்டிப் பதித்தேன். சுற்றியுள்ள இடத்தை இந்திரா டேஸ்டிங் ரூம் வெள்ளையால் நிரப்பினாள். வெள்ளி பின்னேரம் குரௌட் போட்டு, ஸ்பொஞ்சால் துடைத்தோம். உண்மையிலேயே அழகாக வந்திருந்தது. தட்டு டீப்போய்க்குள் மூழ்கிக் கிடப்பதுபோல் இருந்தது.

6. சனிக்கிழமை

சேர் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே கொப்பியோடு வந்தார். டீப்போயைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. கையால் தடவினார். பிறகு கண்ணாடியை மாட்டி, கொப்பியைத் திறந்து, பென்சிலால் ஒன்று, இரண்டு என்று சரி போட ஆரம்பித்தார். அவர் எட்டுக்கு வந்தபோது கதவு திறந்தது.

டீச்சர் நின்றார். சேரை அங்கே பார்த்ததும் உறைந்துபோனார். கொப்பியில் எழுதியிருந்த நேரத்தைப் பார்த்து, சேர் வருவதற்கு முன் வேலை எப்படி முடிந்ததென்று பார்த்துவிட்டுப் போக வந்தவர். சேர் பத்து நிமிடம் முந்தியது டீச்சரின் கணக்கைத் தப்பாக்கிவிட்டது.

“நீர் இஞ்ச என்னத்துக்கு?” என்றார் சேர்.

“நீங்கள் என்னத்துக்கு?” என்றார் டீச்சர்.

சேர் கொப்பியை மூடினார். வகுப்பறையில் நிற்பதுபோல் நிமிர்ந்து நின்று சொன்னார். “இஞ்ச பாரும். அந்தக் கோப்பையை நான் உடைச்சுப் போட்டன். பரிசு எண்டு பொய் சொல்ல இருந்தனான். இப்ப உம்மட முகத்தைப் பாத்துச் சொல்ல ஏலாமல் கிடக்கு. நான்தான் உடைச்சனான்.”

டீச்சர் கதவைப் பிடித்தபடியே நின்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சேர் மறுபடி டீப்போயைப் பார்த்தார். பழக்கம் விடுமா? பென்சில் ஒன்பதாவது இடத்தில் நின்றுவிட்டது.

“தம்பி, இது எங்கட துண்டு இல்லையே. ஒன்பது எங்க?”

இந்திரா என்னைப் பார்த்தாள். டீச்சர் தரையைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். “மன்னிச்சுக்குங்க சேர். கிரைண்டர்ல வச்சப்ப என் கையில நொறுங்கிருச்சு. என் தப்புதான்.”

பொய்தான். நல்லதுக்கென்று நினைத்துச் சொன்ன பொய். சேரின் முகம் சுருங்கியது. “ஒண்டும் குறையக் கூடாது எண்டு சொன்னனான் எல்லோ? அம்மாவின்ர சாமான். நல்ல வேலைக்காரன் எண்டு நம்பித்தானே தந்தனான்?” அவர் சத்தம் போடவில்லை. அது என்னை இன்னும் சுட்டது. முப்பத்தைந்து வருடத்தில் என் கை வேலையை யாரும் குறை சொன்னதில்லை. செய்யாத பிழைக்காகத் தலை குனிந்து நின்றேன்.

“அந்த மனுசனை ஏசாதையுங்கோ” என்றார் டீச்சர். “ஒன்பதை எறியச் சொன்னது நான்.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். குசினி மேசை, பசை, மாமி கோயிலுக்குப் போயிருந்தது, ஒவ்வொரு சனிக்கிழமையும் தானே துடைத்தது. சேர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

சேர் இந்திராவின் பக்கம் திரும்பினார்.

“அப்ப... நான் உடைக்கேல்லை?”

“இல்லைங்க சேர். சுடுதண்ணியில பசை விட்டிருச்சு.”

“நான் சொன்னனான் எல்லோ, இடிக்கேல்லை எண்டு!” பரீட்சையில் பாஸான பிள்ளையைப்போல் சிரித்தார். அப்புறம்தான் மற்றது உறைத்தது. டீச்சரைப் பார்த்தார். “இவ்வளவு வருசமா ஒட்டின கோப்பையையோ அலுமாரியில வச்சுக் காட்டினனீர்? பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் ஐயா வீட்டுக்கு வந்தப்பவும்?”

“அவர் தூரத்தில நிண்டுதான் பாத்தவர்” என்றார் டீச்சர்.

முதலில் சிரித்தது யாரென்று இப்போது நினைவில்லை. டீச்சர் சிரித்துக்கொண்டே அழுதார். சேர் துவாயை நீட்டினார். திங்கட்கிழமை துண்டுகளைச் சுற்றி வந்த அதே துவாய். பீங்கான் தூள் இருக்கும், முகத்தைத் துடைக்க வேண்டாம் என்று இந்திரா பாய்ந்து பிடுங்கினாள்.

நான் தீப்பெட்டியை எடுத்து வந்து ஒன்பதாம் நம்பரைச் சேரின் கையில் வைத்தேன். அவர் மஞ்சள் விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்தார். “நல்லாத்தான் ஒட்டியிருக்கிறீர்” என்றார் டீச்சரிடம். என்னைப் பார்த்து, “தம்பி, உம்மைப் பிழையாப் பேசிப்போட்டன்” என்றார். “பரவால்லைங்க சேர், நானும் உண்மையைச் சொல்லலையே” என்றேன்.

ஒன்பதை அதன் இடத்தில் வைக்க வேண்டும் என்று இரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள். மஞ்சளை வெட்டக் கூடாது என்றும் சொன்னார்கள். அந்த வாரத்தில் அவர்கள் இருவரிடமிருந்தும் எனக்குக் கிடைத்த முதல் ஒரே ஆர்டர் அதுதான். டிக்கோயா ஈரத்தில் குரௌட் இன்னும் முழுசாகக் காய்ந்திருக்கவில்லை. சின்ன உளியால் ஹோட்டல் துண்டைப் பெயர்த்து, ஒன்பதை உட்கார வைத்தேன். அவர்கள் ஸ்டூலில் ஒருவர், சலூன் நாற்காலியில் ஒருவர் என்று உட்கார்ந்து, புட்டை யார் அவிப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

7. நான் படித்துக்கொண்டது

இந்த வேலைக்கு வருகிற புதியவர்களிடம் நிப்பர் பிடிப்பது, குரௌட் குழைப்பது எல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. கை தானாகப் பழகிவிடும். எனக்குப் பழக நாளெடுத்தது வேறொன்று. ஒரே சாமானுக்கு இரண்டு பேரிடம் தலையாட்டக் கூடாது. இரண்டு பேர் மேலும் இரக்கப்பட்டுத்தான் ஆட்டினேன். ஆனால் நான் மறைத்து வைத்த ஒவ்வொரு நாளும் சேர் செய்யாத குற்றத்துக்குப் பட்டினி கிடந்தார், டீச்சர் பயத்தில் கிடந்தார். நானும் கடைசியில் கெட்ட பெயர் வாங்கினேன்.

இப்போது யாராவது உடைசலைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு வந்து, “அவருக்குத் தெரிய வேணாம் பாஸ்” என்றால், “அவரையும் கூட்டிட்டு வாங்க, அப்புறம் வேலையைத் தொடங்கலாம்” என்கிறேன். பாதிப்பேர் கோபித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். மீதிப்பேர் இரண்டு பேராக வருகிறார்கள். யார் உடைத்தது என்று எங்கள் மேசைக்கு முன்னால் நின்று அவர்கள் சண்டை பிடித்து முடிக்கிற வரைக்கும், நானும் இந்திராவும் அந்தப் பக்கம் திரும்பாமல் சாந்து குழைத்துக்கொண்டிருப்போம்.